சிவப்பு மைக்குப் பிறகு: பழனி மலையில் இரண்டாம் மொழி எழுத்தும் திருத்தமும்

1. கேள்வி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கட்டுரை நோட்டு என்பது மாணவரின் எழுத்து மட்டுமல்ல, ஆசிரியரின் வேலைக்கான சான்றும் கூட. வட்டாரக் கல்வி அலுவலர் பார்வைக்கு வரும்போது நோட்டுகள் திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார். பெற்றோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஒரு பிழை திருத்தப்படாமல் விடுபட்டிருந்தால் ஆசிரியர் கவனிக்கவில்லை என்று பொருள் கொள்ளப்படுகிறது. ஆகவே ஆங்கில ஆசிரியர் மாலை நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொரு வரியிலும் சிவப்பு மையால் சுழித்து, அடித்து, சரியான சொல்லை மேலே எழுதுகிறார். மறுநாள் நோட்டு மாணவரிடம் திரும்புகிறது. மாணவர் மதிப்பெண்ணைப் பார்க்கிறார், நோட்டை மூடிவிடுகிறார். அடுத்த கட்டுரையில் அதே பிழைகள் வருகின்றன.

ஆசிரியர் உழைத்தார் என்பதற்குச் சிவப்பு மை சாட்சி. மாணவர் கற்றார் என்பதற்கும் அது சாட்சியாகுமா? இரண்டாம் மொழியில் எழுதுபவருக்கு எழுத்துவழித் திருத்தம் எந்த நிலையில் பயன்படுகிறது, எந்த நிலையில் வீணாகிறது என்ற கேள்வியைப் பழனி மலையையும் கொடைக்கானலையும் களமாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இக்கட்டுரையின் வாதம் இது: திருத்தம் ஆசிரியரோடு முடிந்துபோகும் வேலையாக இருக்கும்வரை அதன் பலன் மிகக் குறைவு. எத்தனை பிழை திருத்தப்பட்டது என்பதைவிட, திருத்தம் கைக்கு வந்தபின் மாணவர் என்ன எழுதினார் என்பதே முக்கியம்.

2. மலையில் யார் இரண்டாம் மொழி எழுத்தாளர்?

கொடைக்கானலை இந்தக் கேள்விக்குக் களமாக்குவதற்குக் காரணம் உண்டு. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கோடை வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பி இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். தமிழைப் பெரியவர்களான பின் கற்று, தமிழில் பேசவும் எழுதவும் வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்கள் அவர்கள். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் ஹைக்ளர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளியே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. 1976இல் இந்தியாவில் முதன்முதலாக இன்டர்நேஷனல் பாக்கலரியேட் (ஐ.பி.) பட்டயப் படிப்பைக் கொண்டுவந்த பள்ளியும் அதுதான். 1984இல் தமிழ்நாடு அரசு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைக் கொடைக்கானலில் நிறுவியது.

இவற்றிலிருந்து சில மணி நேரப் பேருந்துத் தொலைவுக்குள் பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்களின் அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் இருக்கின்றன. குன்னுவர், புலையர், பளியர் எனப் பல சமூகத்துப் பிள்ளைகள் மலைப் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

ஒரே மலையில் இரண்டாம் மொழி எழுத்து குறைந்தது நான்கு நிலைகளில் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பன்னாட்டுப் பள்ளியில் சேரும் மாணவருக்கு ஆங்கிலம் வகுப்பறையிலும் விடுதியிலும் ஓயாமல் புழங்கும் இரண்டாம் மொழி. பூம்பாறைச் சிறுமிக்கு அது பாடப்புத்தகத்திலும் சுற்றுலா விடுதிகளின் பெயர்ப்பலகையிலும் மட்டுமே தட்டுப்படும் மொழி. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது அறிவின் மொழி; வீட்டில் அதற்கு இடமில்லை. தமிழோடு நெருங்கிய உறவுடைய தனிப் பேச்சு வழக்கில் வளரும் பளியர் குழந்தைக்கோ பாடநூலின் எழுத்துத் தமிழே புதிதாகக் கற்க வேண்டிய ஒன்று; ஆங்கிலம் அதற்கும் அப்பால்.

இந்த நால்வரின் நோட்டிலும் ஒரே முறையில் சிவப்பு மை விழுவதுதான் நாம் எதிர்கொள்ளும் சிக்கல். திருத்தம் பற்றிய பெரும்பாலான ஆய்வுகள் பல்கலைக்கழக மாணவர்களையோ நகர்ப்புறத்தில் மொழி கற்கும் பெரியவர்களையோ வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றின் முடிவுகளை மலைப் பள்ளிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆனாலும் அவை எழுப்பிய கேள்விகள் நமக்குத் தேவை.

3. இதுவரையிலான விவாதம்

பிழையைப் பார்க்கும் பார்வை 1967இல் மாறத் தொடங்கியது. அவ்வாண்டு எஸ். பிட் கார்டர், கற்பவர் செய்யும் பிழைகள் அவர் மனத்தில் உருவாகிவரும் மொழி ஒழுங்கைக் காட்டுபவை என்று வாதிட்டார். பிழையைக் கவனமின்மையின் விளைவாகக் காணாமல் வளர்ச்சியின் தடயமாகக் காணும் வழக்கம் அங்கிருந்து வலுப்பெற்றது.

திருத்தத்தின் பயனைச் சோதித்த ஆய்வுகள் 1980களில் வந்தன. 1986இல் ராப், ராஸ், ஷார்ட்ரீட் மூவரும் ஜப்பானியக் கல்லூரி மாணவர்களிடம் நான்கு வகைத் திருத்தங்களை ஒப்பிட்டார்கள். சரியான வடிவத்தையே எழுதித் தருவது ஒரு முனை; ஓரத்தில் பிழைகளின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பது மறுமுனை. மாணவர்களின் பிந்தைய எழுத்தில் இந்த முறைகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆசிரியர் மணிக்கணக்கில் உட்கார்ந்து விரிவாகத் திருத்தியதற்குத் தனிப் பலன் இல்லை என்றே அது பொருள்பட்டது.

1996இல் ஜான் ட்ரஸ்காட் இந்த ஐயத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார். இரண்டாம் மொழி எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்றார். இலக்கண அறிவு படிப்படியாக வளர்வது. ஒரு வரித் திருத்தம் அந்த வளர்ச்சிக்குள் புகுவதில்லை. திருத்தத்துக்குப் பயந்த மாணவர் தெரிந்த எளிய வாக்கியங்களுக்குள் ஒடுங்கிவிடுகிறார். ஆசிரியரின் நேரமும் வீண். இவை அவருடைய காரணங்கள்.

டானா ஃபெரிஸ் 1999இல் மறுப்பு எழுதினார். பிழைகள் அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பது அவர் முன்வைத்த முக்கியமான கருத்து. காலம், ஒருமை-பன்மை போன்றவை விதி சொல்லி விளக்கக்கூடியவை. எந்தச் சொல்லோடு எந்த முன்னிடைச்சொல் வரும் என்பது போன்றவை விதிக்குள் அடங்காதவை. முதல் வகையைக் குறித்துக் காட்டினால் மாணவர் தாமே சரிசெய்ய முடியும். இரண்டாவதைச் சொல்லித்தான் தர வேண்டும்.

2003இல் ஜீன் சாண்ட்லர் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு மிக நெருங்கியது. அடுத்த கட்டுரைக்குப் போகுமுன் தம் பிழைகளைத் தாமே திருத்தி எழுத வேண்டியிருந்த மாணவர்களின் எழுத்து, பருவம் முடிவதற்குள் துல்லியமானது. அப்படித் திருத்தி எழுதாதவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. 2008இல் நியூசிலாந்தில் ஜான் பிட்ச்னர் செய்த ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. ஆங்கிலச் சுட்டிடைச்சொற்களின் இரண்டே பயன்பாடுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் திருத்தியபோது பலன் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது.

இதற்கும் எதிர்வாதம் உண்டு. அதே 2008இல் ட்ரஸ்காட்டும் ஷூவும் செய்த ஆய்வில், திருத்தம் பெற்றவர்கள் அதே கட்டுரையை மாற்றி எழுதும்போது பிழை குறைந்தது. ஆனால் புதிய கட்டுரை எழுதும்போது அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட முடியாது. திருத்தியதைப் பார்த்து எழுதுவது வேறு, கற்பது வேறு. திருத்தி எழுதும் வேலை ஒரே ஒரு முறை நடந்து நின்றுவிட்டால் போதாது. அதே இலக்கணம் வெவ்வேறு சூழலில் மீண்டும் மீண்டும் தேவைப்பட வேண்டும்.

இந்த விவாதத்தை மொத்தமாகப் பார்க்கும்போது, இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அவற்றின் சான்றுகள் ஓரிடத்தில் சந்திக்கின்றன. எல்லாப் பிழையையும் திருத்தி நோட்டைத் திருப்பித் தந்துவிடும் முறைக்கு வலுவான ஆதரவு எங்கும் இல்லை. நம் பள்ளிகளில் பரவலாக இருப்பதோ அந்த முறைதான்.

4. நம் பக்கத்துச் சோதனைகள்

எல்லாப் பிழையையும் ஒழிக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் எப்படி வேரூன்றியது? ஒரு காரணம் 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் நடந்த பெரும் பயிற்சி இயக்கம். தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு அடுக்கடுக்காகப் பயிற்சி தரத் திட்டமிடப்பட்டது. அதன் அடிப்படை அமைப்புமுறைக் கற்பித்தல்: வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பழக்கமாக்குவது. பழக்கமே மொழி என்றால், பிழை தீய பழக்கமாகிறது. தோன்றிய உடனே கிள்ளி எறிய வேண்டியதாகிறது. ஒரே அறையில் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு திணறிய ஆசிரியருக்கு அந்த இயக்கம் ஒரு பிடிமானம் தந்தது; அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் பிழையைப் பற்றிய அதன் பார்வை பாடத்திட்டங்கள் மாறிய பிறகும் திருத்தும் கையில் தங்கிவிட்டது.

அதற்கு நேரெதிரான சோதனையும் தென்னிந்தியாவிலேயே நடந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு வழிநடத்திய திட்டம் பெங்களூர்த் திட்டம் என்று உலகம் முழுதும் அறியப்பட்டாலும், அதன் வகுப்புகள் சென்னையிலும் கடலூரிலும் கூட நடந்தன. வரைபடம் பார்த்து வழி சொல்வது, ரயில் கால அட்டவணையிலிருந்து விடை காண்பது போன்ற செயல்கள் மூலம் மாணவர்கள் பொருளில் கவனம் செலுத்த, இலக்கணம் உள்ளுக்குள் வளரும் என்பது பிரபுவின் கருதுகோள். அங்கே திருத்தம் ஒதுக்கப்படவில்லை. வேலையின் போக்கில் தேவைப்பட்ட இடத்தில் சரியான வடிவத்தைத் தந்துவிட்டுக் கடந்துபோகும் தற்செயல் திருத்தத்தை அவர் ஏற்றார். பிழையை நிறுத்திவைத்து, விதி சொல்லி, மேலும் எடுத்துக்காட்டு தந்து வகுப்பின் போக்கையே மாற்றும் முறையான திருத்தத்தைத் தவிர்த்தார். 1987இல் வெளியான அவருடைய நூல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்குகிறது.

பிரபுவின் அனுபவம் பெரும்பாலும் வகுப்பறைச் செயல்களைச் சார்ந்தது. எழுத்துப் பயிற்சிக்கு அதை நீட்டும்போது எச்சரிக்கை வேண்டும். பேச்சில் வந்த திருத்தம் காற்றோடு போய்விடும். தாளில் விழுந்தது நிற்கும், மாணவர் அதற்குத் திரும்பிவர முடியும். எழுத்துத் திருத்தத்தின் தனி வலிமை அங்கேதான் இருக்கிறது. மாணவர் திரும்பிவர வகுப்பில் நேரம் ஒதுக்காவிட்டால் அந்த வலிமை பயனின்றிப் போகிறது.

5. ஒரு பத்தியை நெருங்கிப் பார்த்தல்

மலைப் பள்ளி ஆசிரியர்கள் அன்றாடம் காணும் பிழைகளைக் கொண்டு, விளக்கத்துக்காக மூன்று வாக்கியங்களை அமைத்துக்கொள்வோம். பூம்பாறையைச் சேர்ந்த ஏழாம் வகுப்பு மாணவி எழுதுகிறாள்: “மை வில்லேஜ் பூம்பாறை. மை ஃபாதர் கார்லிக் ஃபீல்டு ஹேவிங். யெஸ்டர்டே வீ கோ டு மார்க்கெட் இன் பஸ்.”

வழக்கமான முறையில் இதில் ஏழு இடங்களில் சிவப்பு மை விழும். முதல் வாக்கியத்தில் ‘இஸ்’ இல்லை. இரண்டாவதில் ‘ஹேஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹேவிங்’. அது நிற்கும் இடமும் தவறு. ‘எ’ என்ற சுட்டிடைச்சொல்லும் இல்லை. மூன்றாவதில் ‘வென்ட்’ என்பதற்குப் பதில் ‘கோ’, ‘தி’ இல்லை, ‘பை பஸ்’ என்பதற்குப் பதில் ‘இன் பஸ்’.

இந்த ஏழும் ஒரே கிளையில் காய்த்தவை அல்ல. ‘என் ஊர் பூம்பாறை’ என்பது தமிழில் வினையே இல்லாமல் முழுமை பெற்ற வாக்கியம். ‘இஸ்’ விடுபட்டது தமிழின் ஒழுங்கு உள்ளே வேலை செய்வதால். வினை கடைசியில் வந்ததும், ‘பஸ்ஸில்’ என்பதன் உருபு ‘இன்’ ஆனதும் அப்படியே. சுட்டிடைச்சொல் என்ற இலக்கணக் கட்டாயம் தமிழில் இல்லை.

ஆனால் ‘யெஸ்டர்டே வீ கோ’ வேறு வகை. தமிழில் எவரும் ‘நேற்று போகிறோம்’ என்று சொல்ல மாட்டார்கள். ‘போனோம்’ என்றுதான் சொல்வார்கள். தாய்மொழியில் இறந்தகாலம் வினையில் கட்டாயமாக இருந்தும் ஆங்கிலத்தில் அவள் அதை விட்டிருக்கிறாள். ‘யெஸ்டர்டே’ என்றதிலேயே காலம் தெரிந்துவிட்டதால் வினையை மாற்றாமல் விடுவது, பல மொழிக்காரர்களும் புதுமொழி கற்கையில் கடந்துபோகும் படி. எல்லாப் பிழைக்கும் தாய்மொழியே காரணம் என்று ஆசிரியர் அறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த ஒரு வினைச்சொல்லே அதை மறுக்கிறது.

இந்தப் பகுப்பாய்வு ஆசிரியருக்கு ஒரு தேர்வைத் தருகிறது. இறந்தகாலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கருத்து அவளுக்குத் தமிழில் ஏற்கெனவே உண்டு. விதியைச் சொல்ல முடியும். நடந்ததைச் சொல்லும் எந்தக் கட்டுரையிலும் அது மீண்டும் தேவைப்படும். ஆகவே ‘கோ’ என்பதன் கீழ் ஒரு கோடு மட்டும் போதும். சரியான வடிவத்தை அவளே எழுதட்டும். ‘பை பஸ்’ என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி விடுவதில் பயனில்லை, எழுதியே தந்துவிடலாம். ‘எ’, ‘தி’ இரண்டையும் இன்னொரு மாதத்துக்கு ஒத்திவைக்கலாம். பிட்ச்னர் செய்ததுபோல் அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒரு மாதம் உழைக்கலாம்.

திருத்தத்தைவிட முந்திச் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: அவள் சொன்னதைக் காதில் வாங்குவது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் விதைப்பு, காயவைப்பு, விலை பற்றி அந்தச் சிறுமிக்கு ஆசிரியரைவிட அதிகம் தெரிந்திருக்கலாம். பக்கத்தின் அடியில் தமிழிலேயே ஒரு கேள்வி எழுதலாம்: “போனது வடுகபட்டிச் சந்தைக்கா? பூண்டு என்ன விலைக்குப் போனது?” விடை எழுத அவளுக்கு இறந்தகால வினைகள் மூன்று நான்காவது வேண்டும். கோடு போட்ட இலக்கணம் அவளுடைய சொந்தச் செய்தியைச் சொல்லவே தேவைப்படுகிறது. ட்ரஸ்காட்டும் ஷூவும் எழுப்பிய ஐயத்துக்கு வகுப்பறையில் தரக்கூடிய விடை இதுதான்: பழைய வரியைச் சரிசெய்வதோடு நிற்காமல், அதே இலக்கணத்தைப் புதிய வரியில் கேட்பது.

6. பிழையா, தேர்வா?

பல்கலைக்கழக நிலையில் கேள்வி மேலும் நுட்பமாகிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து 1999இல் ஒரு நூல் எழுதினார். 2006இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஆய்வெழுத்தை எடுத்துக்கொள்கிறது. தமிழில் உள்ளூர் வாசகருக்கு, ஆங்கிலத்தில் உள்ளூர் வாசகருக்கு, ஆங்கிலத்தில் வெளிநாட்டு வாசகருக்கு என மூன்று நிலைகளில் அதே அறிஞர் வாதத்தை வெவ்வேறு விதமாகக் கட்டுவதை அவர் காட்டுகிறார். மரபான நெறியிலிருந்து விலகும் ஒவ்வொன்றையும் தாய்மொழிக் குறுக்கீடு என்று முத்திரை குத்துமுன், எழுதியவர் அறிந்தே அப்படி எழுதினாரா என்று கேட்க வேண்டும் என்பது கனகராஜாவின் வாதம்.

இதை எல்லா நிலைக்கும் அப்படியே நீட்டுவது தவறு. ஏழாம் வகுப்பு மாணவியின் ‘வீ கோ’ ஒரு நடைத் தேர்வு என்று சொல்வது அவளுக்குச் செய்யும் அநீதி. அரசுத் தேர்வும் வேலைவாய்ப்பும் அவளிடம் ‘வென்ட்’டைத்தான் எதிர்பார்க்கும். ஆனால் ஆய்வேட்டில் முன்னோர் கருத்துகளை மதிப்போடு விரித்துச் சொல்லிவிட்டுத் தம் வாதத்தைக் கடைசியில் வைக்கும் ஆய்வாளரை, முதல் பத்தியிலேயே வாதத்தைச் சொல்லவில்லை என்று அடித்துத் திருத்துமுன், நெறியாளர் ஏன் என்று கேட்கலாம். இரு நிலைகளுக்கும் பொதுவானது கேள்வி கேட்கும் பழக்கம்தான். கேட்காமல் திருத்துபவர் எழுதியவரின் எண்ணத்தை ஊகத்தில் முடிவு செய்துவிடுகிறார்.

7. திருத்தமும் மதிப்பும்

மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960களில் தென்தமிழக மலைகளில் பளியர்களிடையே தங்கி ஆய்வு செய்தார். ஒருவர்மீது ஒருவர் அதிகாரம் செலுத்தாமை, போட்டியைத் தவிர்த்தல், ஒருவரின் தன்னிச்சையை மற்றவர் மதித்தல் ஆகியவற்றை அச்சமூகத்தின் அடிப்படைப் பண்புகளாக அவர் பதிவு செய்தார். அறுபது ஆண்டுக்கு முந்தைய பதிவிலிருந்து இன்றைய பளியர் குழந்தையின் மனத்தைக் கணித்துவிட முடியாது. இருப்பினும் அது நம்மிடம் எழுப்பும் கேள்வி நியாயமானது: நோட்டை வகுப்பின் முன் உயர்த்திக் காட்டிப் பிழையைப் படிப்பதும், தவறிய சொல்லைப் பத்து முறை இம்போசிஷன் எழுதச் சொல்வதும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவில்தான் வலிக்கின்றனவா? மலைப் பிள்ளைகள் நடுவில் பள்ளியை விட்டு நின்றுவிடுவதற்குத் தூரம், வறுமை, பருவகால வேலை எனப் பல காரணங்கள் உண்டு. வகுப்பில் பட்ட அவமானமும் அவற்றோடு சேரக்கூடாது.

இதற்கு நம் மரபிலேயே வழி இருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியைப் பங்கிட்டுக் காட்டுகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரைப் பங்கு. அது இரண்டாம் மொழி எழுத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதல்ல. ஆனாலும் நோட்டுத் திருத்தத்தை முழுக்க ஆசிரியர் தலையில் ஏற்றிவைத்திருக்கும் நமக்கு அந்தக் கணக்கு பொருந்துகிறது. இரண்டு பிள்ளைகள் நோட்டை மாற்றிக்கொண்டு, கோடு போட்ட வினைச்சொற்களை மட்டும் பார்த்து, ஏன் மாற வேண்டும் என்று தமிழில் பேசிக்கொள்ளட்டும். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பைச் சமாளிக்கும் ஆசிரியருக்கும் அதனால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

8. முடிவுரை

குறைத்துத் திருத்துவதற்கு எதிரான வாதங்கள் வலுவற்றவை அல்ல. திருத்தாமல் விட்ட பிழையைப் பெற்றோர் அலட்சியம் என்று நினைப்பார்கள். தேர்வில் எல்லாப் பிழைக்கும் மதிப்பெண் குறையும். கைப்பேசியே பிழை திருத்தித் தரும்போது இந்த உழைப்பு எதற்கு என்றும் கேட்பார்கள். முதலாவதைப் பெற்றோர் கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம்: இந்த மாதம் இறந்தகாலம், அடுத்த மாதம் சுட்டிடைச்சொல் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். இரண்டாவதற்கு விடை, இப்போதைய முறையிலும் அந்தப் பிழைகள் தேர்வில் குறையவில்லை என்பதே. மூன்றாவது நம் வாதத்துக்கே துணை நிற்கிறது. கைப்பேசி, பிழை நேர்ந்ததே தெரியாதபடி சரிசெய்துவிடுகிறது. மாணவர் செய்ய வேண்டிய வேலை அங்கேயும் நடப்பதில்லை.

ஆகவே மாற்றம் ஆசிரியரின் பேனாவில் மட்டும் வந்தால் போதாது. அவரை மதிப்பிடும் முறையிலும் வர வேண்டும். பார்வைக்கு வரும் அலுவலர் எத்தனை பக்கம் திருத்தப்பட்டது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இரண்டு பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும்: கோடு போட்ட பக்கமும், அதன்பின் மாணவர் தாமே எழுதிய பக்கமும். இரண்டாவது பக்கத்துக்கு நேர அட்டவணையில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கப்படட்டும். பளியர் குழந்தைக்கு அந்தப் பாடவேளை முதலில் எழுத்துத் தமிழுக்காக இருக்கட்டும். கூடுதல் நிதியோ புதிய பாடநூலோ இதற்குத் தேவையில்லை. ஆசிரியர்கள் இன்று செலவிடும் உழைப்பில் பாதியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டால் போதும். மலையில் அதைத் தொடங்க எந்தத் தடையும் இல்லை.